மூணும் ஆறும்தான் ஜோடி

போன வருஷம் ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்தது இது. வியாழக்கிழமை ஆரம்பித்துத் திங்கட்கிழமை முடிந்துவிட்ட சின்ன விஷயம்தான். ஆனால் அந்த ஐந்து நாளில் நான் குழம்பிய குழப்பம் மாதிரி என் முப்பத்தைந்து வருஷ வேலையில் ஒருநாளும் குழம்பியதில்லை.

நான் துறைமுகத்தில் கிரேன் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கிரேன் பேனலைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் கம்பிகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. இந்த முனையில் ஏழு என்றால் அந்த முனையிலும் ஏழு. நம்பருக்கு நம்பர் சரியாகச் சேர்ந்தால் கிரேன் ஓடும், அவ்வளவுதான் வித்தை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் "கரண்டுக்குக் கலர் தெரியாதுப்பா" என்று பெரிய ஞானி மாதிரி சொல்வேன். என் பேனலைத் திறந்து பார்த்தவர்கள், தலை வாரிப் பின்னல் போட்டது மாதிரி இருக்கிறது என்பார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கோபமும் எனக்கு மூக்குக்கு மேலே வரும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேரனுக்கு அப்போது ஏழு மாசம். ஐந்தாம் மாசமே குழந்தையையும் தாயையும் மாதவரத்தில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். முதலில் வெயில் என்றேன். அப்புறம் பிள்ளைக்குச் சளி என்றேன். அதற்குப் பிறகு ஒரு நல்ல காரணம் கிடைத்தது, மகளுடைய வேலை.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இங்கிருந்து போனில் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. பிள்ளைப்பேறு லீவு முடிந்துவிட்டது. ஆபீஸ் இருப்பதோ நகரத்தின் தென்கோடியில். இங்கிருந்து ஒரு ரயில், இரண்டு பஸ். கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டாள். ஆபீசில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். வைஃபை கூடாது, பேச்சு நடுவில் அறுந்து போகிறதாம். வயர் மூலமாகத்தான் நெட் வரவேண்டும். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபீசிலிருந்து லைனை அரை மணி நேரம் சோதித்துப் பார்ப்பார்கள். தேறினால் வீட்டில் வேலை. தேறாவிட்டால் மறுநாளே ஆபீசுக்கு வரவேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும்.

மாதவரம் வீடு சின்னது, வாசலில் லாரிச் சத்தம், அங்கே நெட்டும் கிடையாது. "இங்கியே இருந்து செய்யும்மா, மாடி ரூம்ல நான் வயர் இழுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை மணலியில் கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறவர். சாதுவான மனிதர். "சரி மாமா" என்றார். வேறு என்ன சொல்வார்?

வியாழக்கிழமை காலையில் வேலையில் இறங்கினேன். நெட் பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. அங்கிருந்து பக்கச் சுவரில் ஏற்றி, தண்ணீர் மோட்டார் பக்கமாகக் கொண்டுபோய், மாடிப்படியோடு அணைத்து, மேலே அறைக்குள் கேபிளை இறக்கினேன். முப்பது மீட்டர் இருக்கும். அந்தக் கேபிளின் தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று நாலு கலர். ஒவ்வொரு கலருக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஒரு துணை. இரண்டிரண்டாக ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். நான் அவற்றைப் பிரித்து, நீவி நேராக்கி, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அதன் வெள்ளை, பச்சைக்குப் பக்கத்தில் அதன் வெள்ளை, அப்புறம் நீலம், கடைசியில் பிரவுன் என்று அடுக்கிக் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பிளக்கில் செருகி இறுக்கினேன். இரண்டு முனையிலும் அதே வரிசை. சோதித்துப் பார்க்கும் டெஸ்டரை மாட்டினேன். அதில் எட்டு விளக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரைக்கும் பச்சையாக எரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா கீது, அரிசி வாங்கினு வர்றியா?" என்றாள்.

மகள் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். நூறு எம்.பி. வேகம் வரவேண்டிய லைன் அது. ஆறு காட்டியது.

"அப்பா, ஆறுதான் வருது."

"வைஃபைல எவ்ளோ?"

வயரைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் பார்த்தாள். அதே அறை, அதே நாற்காலி. ஐம்பத்தெட்டு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே ஹாலில் இருக்கிற பெட்டியிலிருந்து தளத்தைத் துளைத்து, சுவரைத் துளைத்து, காற்றில் வருவது ஐம்பத்தெட்டு. செம்புக் கம்பியில் கையைப் பிடித்துக் கூட்டிவருவது மாதிரி வருவது ஆறு. காற்று ஜெயிக்கிறது, கம்பி தோற்கிறது. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கித் திரும்ப மாட்டினேன். ஐந்து. இன்னொரு தடவை மாட்டினேன். ஏழு. எலெக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு டெக்னீஷியன் வந்தார். முப்பது வயசு இருக்கும், முதுகில் பை, தோளில் சுருட்டிய கேபிள். எண்ணூர் பக்கத்து ஆள், வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். பெட்டியில் தன்னுடைய லேப்டாப்பை ஒரு சின்ன வயரால் மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்று நாலு.

"நம்ம பக்கம் எல்லாம் கரீட்டா கீது நைனா. மேல இன்னானு பாப்போம்."

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழி விட்டு வெளியே போனாள்.

"இன்னா நைனா, பொண்ணு டெலிவரிக்கு வந்துச்சா? மாப்ள எங்க கீறாரு?"

"மாதவரம்" என்றேன், ஒரே வார்த்தையில்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்றால், முந்தின வாரம்தான் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது எங்கள் தெருக்காரம்மா ஒருத்தி என் மனைவியிடம், "இன்னாக்கா, பொண்ண இன்னும் அனுப்பல, எதுனா பிரச்சினையா?" என்று கேட்டிருந்தாள். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்டாள். அதிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

டெக்னீஷியன் பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். இரண்டு பேரும் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். நடுப்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இன்னா நைனா, ஜோடிய இப்டிப் பிரிச்சி வெச்சிகினா எப்டி ஒய்ங்கா ஓடும்? சேத்து வெய்யி, எல்லாம் தன்னால சரியாப் பூடும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நெட் பார்க்க வந்தவன் என் பெண்ணின் குடும்பத்துக்கு யோசனை சொல்கிறானா?

"வந்த வேலய மட்டும் பாரு. எங்க வூட்டு விஷயத்துல நீ யாரு பேச? எறங்கு கீழ."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நா இன்னா நைனா தப்பா சொல்ட்டேன்? உள்ளத சொன்னேன்..."

"உள்ளதயா?" என்று நான் போட்ட சத்தத்தில் மேலே பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போய்விட்டார். நான் அதோடு விடவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு, வீட்டுப் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசினார் என்று புகார் கொடுத்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மன்னிப்புக் கேட்டு, இனிமேல் அவர் உங்கள் ஏரியாவுக்கு வரமாட்டார் என்றாள். வேறு ஆளை அனுப்ப செவ்வாய்க்கிழமை ஆகும் என்றும் சொன்னாள். திங்கட்கிழமை சோதனை. செவ்வாய்க்கிழமை ஆள் வந்து என்ன பிரயோஜனம்? ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்குக் கிழமையா தெரியும்? "யாரும் வர வேணாம், நானே பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சாப்பாடு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

சனிக்கிழமை முழுக்க நான் அந்த வயரோடு மல்லுக்கட்டினேன். தப்பு என் கைவேலையில் இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சரி, சோதித்துவிடலாம் என்று மிச்சக் கேபிளில் ஒரு கை நீளம் வெட்டி, அதே வரிசையில் இரண்டு பக்கமும் பிளக் போட்டு, கீழே பெட்டி பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து மாட்டினேன். தொண்ணூற்று மூன்று! மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, அப்பா போட்ட பிளக்கு கரெக்ட்டு. அந்த நீள வயர்தான் டூப்ளிகேட்டு."

எனக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு யானைக்கவுனிக்குப் போனேன், வாங்கின கடைக்கு. கடைக்காரர் சேட்டு. நான் போட்ட சத்தத்தை அவர் சண்டையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கேபிளின் நுனியைக் கத்தியால் சுரண்டிக் காட்டி, "பியூர் காப்பர் இருக்கு சார், நல்ல மால்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு சுருளிலிருந்து முப்பது மீட்டர் வெட்டிக் கொடுத்துப் பழையதை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

வெயிலில் வந்து, பழைய வழியிலேயே புதுக் கேபிளை இழுத்து, அதே வரிசையில், இன்னும் அழகாகப் பிளக் போட்டேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தது. மகள் மாட்டினாள்.

"ஏழுப்பா."

அந்த நேரம் பார்த்து என் மனைவி கீழே தண்ணீர் மோட்டாரைப் போட்டாள். ஏழும் போய் லைனே அறுந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தினால் ஏழு. போட்டால் பூஜ்யம். சரி, மோட்டார்தான் வில்லன் என்று கேபிளை அங்கிருந்து பிரித்து மறுபக்கச் சுவரில் கொண்டுபோனேன். எட்டு வந்தது. எட்டு!

சின்ன வயரில் ஓடுகிறது, பெரிய வயரில் ஓடவில்லை. விளக்கு எல்லாம் எரிகிறது, வேகம் வரவில்லை. மோட்டாருக்குப் பயந்து கம்பி நின்றுவிடுகிறது, ஆனால் அதே மோட்டாரைத் தாண்டி வைஃபை ஜம்மென்று போகிறது. பேய் பிடித்த கிரேனைக்கூட நான் பார்த்திருக்கிறேன், இரண்டு மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். இங்கே எந்தப் பக்கம் பிடித்தாலும் கையில் ஒன்றும் சிக்கவில்லை. படியில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டேன். மகள் அறைக்குள்ளே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தென்கோடிக்குப் போகிற பஸ் நேரங்களைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாரா வாரம் வருகிற மாதிரி மாப்பிள்ளை வந்தார், கையில் பால்கோவா டப்பாவோடு. பிள்ளை அவரைப் பார்த்ததும் தாவியது. அவர் தூக்கிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். நான் மூன்று நாள் கதையையும் சொன்னேன். பாதிக்கு மேல் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாமா, அந்த டெக்னீஷியன் வந்தாரே, அவரு இன்னாதான் சொன்னாரு?"

எப்படிச் சொல்வேன்? அவரைப் பற்றித்தானே அந்த ஆள் பேசினான்! "அவன் ஒண்ணும் சொல்லல மாப்ள, சும்மா வந்து பாத்துட்டுப் போனான்" என்று மழுப்பினேன்.

"அப்பா அவரத் தொரத்திட்டாரு" என்றாள் மகள்.

"இன்னாத்துக்கு?"

என் மனைவிதான் சமையலறை வாசலில் நின்றபடி, இரண்டு நாளாக வாயில் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினாள். "ஜோடியப் பிரிச்சி வெச்சா எப்டி ஓடும், சேத்து வெய்யின்னு சொன்னாரு. இவருக்குக் கோவம் வந்துச்சு."

மாப்பிள்ளை பிள்ளையின் காலைப் பிடித்து வருடிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. கடைசியில் மகள் எழுந்து, மேஜைமேல் இருந்த என் போனை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு டெஸ்ட்டுப்பா. அவரு அன்னிக்கு வர்றதுக்கு முன்னாடி உங்களுக்குப் போன் பண்ணாரே, நம்பர் இதுல இருக்கும். நீங்களே கூப்புடுங்க."

அவள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாங்கிக் கூப்பிட்டேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், கிரேன் சத்தத்தில் போனது. அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நைனாவா?" என்றார். நம்பரைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பின்னால் லாரிச் சத்தம். "மணலி புதுநகர்ல வேலைல கீறேன். இங்க மாத்திட்டாங்க. சொல்லு."

"ஒண்ணுமில்லப்பா, அந்த லைனு..."

"அத்த அப்பால பாக்கலாம். மொதல்ல ஒண்ணு சொல்லு நைனா. என் மேல கம்ப்ளெய்ண்ட் குடுத்தியே, அது இன்னாத்துக்கு? பொம்பளப் புள்ளயப் பத்தித் தப்பா பேசுனேன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. ரெண்டு நாளா மண்டைய ஒடச்சிகினு கீறேன். எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

"நீ அன்னிக்குப் படியில இன்னா சொன்ன?"

"ஜோடி பிரிஞ்சி கீது, சேத்து வெய்யின்னு சொன்னேன்."

"எந்த ஜோடி?"

"வயரு ஜோடி நைனா. வேற எந்த ஜோடி?"

மாப்பிள்ளை தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். மகள் குனிந்துகொண்டாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"இரு, இரு" என்றேன். "நான் எங்க ஜோடியப் பிரிச்சேன்? ஆரஞ்சு பக்கத்துல ஆரஞ்சு, பச்ச பக்கத்துல பச்ச, எல்லாம் ஒண்ணா தானே வெச்சிருக்கேன்?"

"அதான் நைனா தப்பு. பாக்க சோக்கா கீது. ஆனா உள்ள மிசினு அப்டிப் பாக்காது. ஒண்ணும் ரெண்டும் ஒரு ஜோடி. அத்தோட மூணும் ஆறும் ஒரு ஜோடி. நடுவுல இருக்குற நாலும் அஞ்சும் ஒரு ஜோடி. நீ மூணாவதுல பச்சய வெச்ச, ஆறாவதுல நீலத்த வெச்ச. ரெண்டும் வேற வேற வூட்டுக் கம்பி. எப்டி ஓடும்?"

"ஆனா டெஸ்டர்ல எட்டும் எரியுதே?"

"கம்பி அறுந்துச்சா இல்லியான்னு தான் அது காட்டும். ஜோடி சேந்துதா இல்லியான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டு கம்பியும் ஒண்ண ஒண்ணு சுத்திகினு போனாதான் வெளிய இருந்து வர்ற சத்தம் உள்ள ஏறாது நைனா. பிரிஞ்சிச்சின்னா மோட்டார் சத்தம், பக்கத்துக் கம்பி சத்தம், எல்லாத்தையும் வாங்கிக்கும். வந்த சேதிய திரும்பத் திரும்ப அனுப்பிகினே இருக்கும். அதான் ஸ்லோ."

"சின்ன வயர்ல நல்லா ஓடுச்சேப்பா?"

"கிட்டக்க இருந்தா ஒண்ணும் தெரியாது. தூரம் போனாதான் தெரியும்."

அவர் வயரைப் பற்றித்தான் சொன்னார். சத்தியமாக வயரைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தன் மடியில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒருநாள் வந்து, அரை நாள் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறுகிற அப்பா. பிள்ளை குப்புற விழுந்ததையும் அவர் போனில்தான் பார்த்தார்.

மாடிக்குப் போனோம். பழைய பிளக்கை வெட்டினேன். மாப்பிள்ளை கேபிளைப் பிடித்துக்கொள்ள, ஸ்பீக்கரில் டெக்னீஷியன் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் அடுக்கினேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். எனக்குக் கண்ணை உறுத்தியது. நீலம் நடுவில் புகுந்து பச்சையை இரண்டு பக்கம் தள்ளி வைத்த மாதிரி தெரிந்தது. "இதுவா சேந்து இருக்கு?" என்று முனகினேன். "ஒனக்கு அப்டித் தெரியும் நைனா, இறுக்கு" என்றார். இறுக்கினேன். கீழே போய் அடுத்த முனையையும் மாற்றினேன்.

மகள் மாட்டினாள். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்று நாலில் நின்றது.

"மோட்டாரப் போடு!" என்று கத்தினேன். என் மனைவி போட்டாள். தொண்ணூற்று நாலு. அசையவில்லை. மகள் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிக்கோப்பா" என்றேன் போனில்.

"அத்த வுடு நைனா. ஆபீசுக்கு ஒரு போன் போட்டு உள்ளத சொல்லிடு. வூட்ல பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல நானு." அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கிளம்பினார். மகள் பிள்ளையோடு வாசல் வரைக்கும் போனாள். அவர் தெருமுனை திரும்புகிறவரை நின்றாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவள் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். நான் அதை ஒருநாளும் பார்க்கவில்லை.

உள்ளே வந்ததும் கேட்டேன். "நீ இன்னாம்மா நெனைக்கிற? இங்க இருக்கணுமா, அங்க போகணுமா?"

அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க ஆசையா ரூம் ரெடி பண்ணீங்கப்பா, எப்டி சொல்றதுன்னு தெரியல. அங்க லைன் மட்டும் இருந்தா..." என்று நிறுத்திவிட்டாள்.

"அவளக் கேட்டியான்னு நான் எத்தினி தபா கேட்டேன் ஒன்ன?" என்றாள் என் மனைவி. உண்மைதான். கேட்டிருக்கிறாள். நான்தான் காதில் வாங்கவில்லை. அதற்குக் கிரேன் சத்தத்தைக் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆபீசிலிருந்து சோதித்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியில் மேலும் கீழும் நடந்தேன். அரை மணி நேரம் கழித்து அவள் கதவைத் திறந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். இடம் மாறினாலும் பரவாயில்லை, அங்கேயும் இதே மாதிரி வயர் லைன் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். புகார் வாங்கின அதே பெண்ணோ வேறு பெண்ணோ தெரியவில்லை. "அவரு என் பொண்ணப் பத்திப் பேசலம்மா, வயரப் பத்திப் பேசினாரு. ஜோடின்னு சொன்னாரு, நான் தப்பா எடுத்துக்கிட்டேன்" என்றேன். "சார், உங்களுக்கு வயர்ல பிரச்சினையா, டெக்னீஷியன்கிட்ட பிரச்சினையா?" என்று கேட்டாள். "பிரச்சினை என்கிட்டம்மா" என்றேன். அவளுக்குப் புரியவே இல்லை. கடைசியில் நேராக அவர்கள் ஆபீசுக்கே போய், நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். படித்த அதிகாரி சிரித்தார். சிரிக்கட்டும். அடுத்த மாசம் அந்த டெக்னீஷியன் எங்கள் பக்கத்துக்கே திரும்பி வந்தார். தெருவில் பார்த்தால் "இன்னா நைனா, ஜோடி சௌக்கியமா?" என்று கேட்பார். இப்போது அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பையில் கேபிளையும் பிளக்கையும் போட்டுக்கொண்டு மாதவரம் போனேன். மாப்பிள்ளை வீட்டில் முதல் நாளே நெட் பெட்டி வந்திருந்தது. லாரிச் சத்தம் கேட்காத பின்பக்க அறையைப் பார்த்து, வயர் இழுத்து, பிளக் போட்டேன். எந்த அறை, எந்த மூலை, மேஜை எங்கே என்று எல்லாவற்றையும் மகளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். பேரன் அவன் அப்பாவின் தோளில் இருந்துகொண்டு என் டெஸ்டர் விளக்கைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

எங்கள் வீட்டு மாடி அறையில் அந்தக் கேபிள் இன்னும் தொங்குகிறது, மாட்ட ஆள் இல்லாமல். கரண்டுக்குக் கலர் தெரியாது என்று முப்பத்தைந்து வருஷம் சொன்னவன் நான். இப்போதெல்லாம் எதையாவது அழகாக அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், இது யாருடைய வரிசை, என் கண்ணுக்காகவா, சேர்ந்து போகவேண்டியவர்களுக்காகவா என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டுக்கொள்கிறேன்.